பாக்கியம் அக்காவின் போனில் மூன்று படங்கள்

போன் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களின் போன் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அவர்கள் எதற்கு என் மூஞ்சியைப் பார்க்க வரப்போகிறார்கள்? தேயிலை மலை மேல் இருக்கிற ரிங்லெட் டவுனில் மளிகைக் கடைக்கும் ரொட்டி சானாய் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி ஒரு இடம் இருக்கிறதே, அதுதான் என் கடை. பதினாலு வருஷமாகக் கண்ணாடி மாற்றுகிறேன், பேட்டரி மாற்றுகிறேன், இடையிடையே திட்டும் வாங்குகிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் கையில் ஒரு போனைக் கொடுத்து, "இதைத் தொடுங்க, அதைத் தொடாதீங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் என் கட்சி. அதிலும் அவருக்கு மறதி நோய் என்றால் நீங்கள் கட்சியின் ஆயுள் உறுப்பினர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் முக்கால்வாசி நான் செய்த தப்புகள்தான்.

கோளாறு எங்கே

பாக்கியம் அக்கா முதல் தடவை வந்தபோது, போன் செத்துப்போச்சு என்றார். சாகவில்லை; திறக்கிற நம்பரை மறந்திருந்தார். தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். வயது ஐம்பத்தேழுதான். புது நம்பர் போட்டு அட்டையில் எழுதிக்கொடுத்தேன். மூன்று நாளில் மறுபடி வந்தார். மறுநாளும் வந்தார். நான்காவது தடவை என் வாய் சும்மா இருக்குமா? கடை நிறைய ஆள் இருக்கும்போதே, "அக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? நேத்துத்தானே சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். அவர் போனைத் துடைத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டுகிற மெஷினைப் பார்த்துக்கொள்பவர். வெயிலோ மழையோ தலையில் குரங்குக் குல்லா இருக்கும். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டியதையும், இது மறதி நோய், இனி கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னதையும் மெதுவாகச் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"திட்டுனதுக்கு வரல தங்கச்சி. அவ மறுபடியும் வருவா. வந்தா போன்லதான் கோளாறுன்னு சொல்லு. பாவம், அவகிட்டதான்னு சொல்லிடாத."

மகள் போட்ட கெடு

அடுத்த மாதமே அக்கா வழி தவறினார். டவுனுக்கு வரக் கிளம்பியவர், எதிர்ப்பக்கம் டேம் ரோட்டில் நடந்துபோயிருக்கிறார். காய்கறி லாரிக்காரர் ஒருவர் போன் உறையில் என் கடை ஸ்டிக்கரைப் பார்த்து, இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். மறுநாள் மலைக்குக் கீழே கிள்ளானிலிருந்து மகள் கலா பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் என் கடையிலேயே வைத்துச் சண்டை. தன் வீட்டில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது, இரண்டு பேரும் வாருங்கள் என்பது அவள் கட்சி. தனக்கு ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அந்த மெஷின் தன் பேச்சைத்தான் கேட்கும் என்பது அவர் கட்சி. சரி, அம்மாவை மட்டுமாவது அனுப்புங்கள் என்றாள். அண்ணன் முகம் கறுத்துப்போனது. "என்னைப் பாக்காம ஒரு மாசம் இருந்தா, அப்புறம் நான் யாருன்னே அவளுக்குத் தெரியாது" என்றார்.

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நடுவில் நான் சிம் கார்டு குத்துகிற ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆண்ட்டி, நீங்களே சாட்சி. இன்னொரு வாட்டி அம்மா காணாம போனா, அடுத்த பஸ்ஸுல நான் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்பா வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சட்டைக்காரர்

ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் பிரியாமல் பார்த்துக்கொள்கிற வேலை, இப்படித்தான் போன் கடைக்காரி தலையில் விழுந்தது. எனக்கா தெரியாது என்று களத்தில் இறங்கினேன். அக்காவின் போனில் இருந்த எல்லாவற்றையும் துடைத்தேன். பூட்டும் கிடையாது, நம்பரும் கிடையாது. திறந்தால் மூன்றே மூன்று படங்கள்: அண்ணன், பக்கத்து வீட்டு லெட்சுமி, நான். படத்தைத் தொட்டால் அந்த ஆளுக்குப் போகும். அண்ணனைக் கடையில் உட்காரவைத்து, குல்லாவைக் கழற்றச் சொல்லி, தலை வாரி, தீபாவளிச் சட்டை போட்டு நான்தான் படம் எடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அக்கா ஒரு வாரம் எதற்கெடுத்தாலும் லெட்சுமியைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரை மட்டும் தொடவே இல்லை. பிறகு ஃபேக்டரி வாசலில், குல்லாவோடும் தேயிலைத் தூளோடும் நின்றவரை எடுத்து அந்த இடத்தில் போட்டேன். பார்த்தவுடன் அக்கா முகம் மலர்ந்தது. "இது எங்க வீட்டு ஆளு. அந்தச் சட்டைக்காரன் யாருன்னு எனக்குத் தெரியாது. கண்ட ஆம்பளைக்கு நான் எதுக்கு போன் பண்ணணும்?"

சங்கு

காலை எட்டு மணி மாத்திரைக்கு அலாரம் வைத்தேன். அடிக்கும், அக்கா அசைய மாட்டார். யாருக்கோ அடிக்குது என்று இருந்துவிடுவார். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. எஸ்டேட் ஃபேக்டரியில் முன்பெல்லாம் வேலைக்குக் கூப்பிடச் சங்கு ஊதுவார்கள். இப்போது நிறுத்திவிட்டார்கள். யாரோ எப்போதோ எடுத்த வீடியோவில் அந்தச் சத்தம் கிடைத்தது. அதை வெட்டி எடுத்து அலாரமாக வைத்தேன். எஸ்டேட்டில் பிறந்தவர்கள் எந்தச் சத்தத்தை மறந்தாலும் இதை மறப்பார்களா? அண்ணனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மறுநாள் எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. அக்கா ரப்பர் பூட்ஸைப் போட்டார். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டினார். வெங்காயம் வைத்திருந்த கூடையைக் கவிழ்த்து முதுகில் மாட்டினார். நேராக எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டார். அங்கே மெஷின் வைத்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த நேபாளப் பையன்கள் திகைத்துப்போய், அவர் போனில் இருந்த என் படத்தை அமுக்கினார்கள். மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடையில் பாதி நிறைந்திருந்தது. அத்தனையும் இரண்டு இலையும் ஒரு குருத்துமாக, குற்றம் சொல்ல முடியாத கொழுந்து. இது காணாமல் போனது இல்லை, வேலைக்குப் போனது என்று அண்ணனும் நானும் தீர்ப்பு எழுதிக்கொண்டு கலாவிடம் மறைத்துவிட்டோம். வீட்டுக்கு வாங்கக்கா என்று கையைப் பிடித்து இழுத்தபோது, பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி என்கிற பழைய கணக்கில் அக்கா உதறிவிட்டார். "சங்கு ஊதி வராட்டி இன்னிக்கு எனக்குப் பேரு விழாதுடி. நீயா வந்து பேரு போடுவ?"

இரண்டு கோப்பை

சங்கை அழித்துவிட்டு, அண்ணனின் குரலையே பதிந்து வைத்தேன். "பாக்கியம், மாத்திரை போட்டுக்கம்மா." என்ன அன்பான குரல் தெரியுமா! நானே இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்த அண்ணன் பார்த்தது, மேஜையில் ஆறிப்போன இரண்டு கோப்பைக் காப்பி. எதிரில் அக்கா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். குரல் கேட்டதும், வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று காப்பி போட்டிருக்கிறார். நாலு மணி நேரம் அவருக்காகக் குடிக்காமல் காத்திருந்திருக்கிறார். மாத்திரை டப்பா திறக்கவே இல்லை. அண்ணன் இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நானும் கடையில் உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன்.

பிறகு என் குரலைப் பதிந்தேன். என் குரலில் அன்பு எல்லாம் வராது, "அக்கா, மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று போலீஸ்காரி மாதிரி இருக்கும். அக்கா போனைப் பார்த்து, "ஏன்டி விமலா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாராம். ஒரு நாளும் தப்புவதில்லை. அது எப்படி அக்கா என்று கேட்டேன். "அவரு குரலக் கேட்டா காப்பி போடணும்னு தோணுது. உன் குரலக் கேட்டா வியாதி ஞாபகம் வருது."

கிராணியின் அலாரம்

எஸ்டேட் சமாச்சாரம் பரவாமல் இருக்குமா? தானா ராத்தாவிலிருந்து ஒரு பழைய கிராணி வந்தார். ஆபீஸ் எழுத்து வேலை பார்த்து ரிட்டயரானவர். லேசான மறதிதான், ஆனால் மனுஷர் பயந்துபோய்த் தானே அலாரம் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்; விடிந்ததிலிருந்து படுக்கும் வரை போன் கத்திக்கொண்டே இருக்கிறது. எது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மருந்துக்கு இரண்டு, அடுப்பை அணைக்க ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் சார் என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். கூட வந்த அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, பதறிக்கொண்டு என் கையைப் பிடித்தார்: "தங்கச்சி, அஞ்சு மணிக்கு 'வள்ளியிடம் கோபப்படாதே'ன்னு ஒன்னு அடிக்கும்லா. அத மட்டும் விட்டு வை."

டேம் நடுவில் ஒரு புள்ளி

அக்கா எங்கே இருக்கிறார் என்று என் போனிலும் அண்ணன் போனிலும் தெரிகிற மாதிரி செய்தேன். வரைபடத்தில் நீலமாக ஒரு புள்ளி வரும், அதுதான் அக்கா. போனை எங்கேயாவது வைத்துவிடுகிறார் என்பதால் ஸ்வெட்டர் பைக்குள் போட்டு ஊக்கு குத்திவிடச் சொன்னேன். நம் மலையில் ஸ்வெட்டரைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? ஆனால் இங்கே லைன் கிடைப்பது மழைக்கு மழை மாறும். ஒரு நாள் புள்ளி நகர்ந்து நகர்ந்து போய், ரிங்லெட் டேம் தண்ணீருக்கு நட்டநடுவில் நின்றுவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அண்ணன் மெஷினை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடிவந்திருக்கிறார்.

அக்கா லெட்சுமி வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்ற எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணிக்குள்ள நான் போயி என்னா பண்ணப்போறேன்? எனக்கு நீச்சலே தெரியாதே."

வெயில் அடித்த நாள்

என் கெட்ட நேரம், ஒரு நாள் மலையில் வெயில் அடித்தது. அக்காவுக்கு வேர்த்திருக்கிறது. ஸ்வெட்டரைக் கழற்றித் துணிக்கொடியில் போட்டிருக்கிறார், ஊக்கோடும் போனோடும். நான் கடையில் இருந்து மூன்று தடவை பார்த்தேன். புள்ளி வீட்டிலேயே இருந்தது. பரவாயில்லை, நம்ம வேலை நல்லாத்தான் இருக்கு என்று மனசுக்குள் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தானா ராத்தாவுக்குப் போயிருந்த லெட்சுமி ஒரு மணிக்குத் திரும்பி வந்து, கொடியில் போன் அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் எனக்குச் சொன்னாள். கூப்பிட்டுக்கொண்டிருந்தது கலா. வீட்டில் அக்கா இல்லை.

இரண்டு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது, பின்னாலேயே மழை. லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டு ஜனம் மொத்தமும் காட்டுக்குள் இறங்கி, "பாக்கியம்! பாக்கியம்!" என்று கத்தியது. ஒரு பதிலும் இல்லை. ஸ்வெட்டர் இல்லாமல் அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் தாங்குவார்? நான் என் புள்ளியை நினைத்து என்னையே சபித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மட்டும் கத்தவில்லை. "இத்தன பேரு கத்துனா அவ வரமாட்டா. கங்காணி திட்டுறாருன்னு பயந்து செடிக்குள்ள ஒளிஞ்சுக்குவா."

பொன்னுத்தாயிக்கு அடுத்த பேர்

வேலை வாங்குகிற கங்காணியின் பேச்சு வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. எஸ்டேட்டில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லாரும் வரிசையில் நிற்க, கங்காணி பேர் கூப்பிடுவார்; வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அன்றைக்கு வேலை. அக்காவின் பழைய கங்காணி இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் போன் விற்றவளே நான்தான். கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அந்தக் காலத்துப் பேர்களைக் கேட்டேன். "லிஸ்டு எதுக்கும்மா, எல்லாம் மனசுல இருக்கு" என்றார். காட்டுக்குள் லைன் அறுந்துபோகும், அதனால் வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொன்னேன். ஒரு பேர்கூட விடாமல், ஒவ்வொரு பேருக்குப் பின்னும் பதிலுக்கு இடம் விட்டுப் பேசி அனுப்பினார் அந்த மனுஷர்.

விற்பனைக்கு வைத்திருந்த பெரிய கரோக்கே ஸ்பீக்கரைக் கடையிலிருந்து தூக்கிவந்து, கொழுந்து லாரியின் மேல் கட்டினோம். யாரும் கத்தக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். லாரி ஊர்ந்தது. "அஞ்சலை... ராமாயி... காளியம்மா... பொன்னுத்தாயி... பாக்கியம்..." மழைச் சத்தம்தான் பதில். முதல் சுற்று முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது சுற்றில், எட்டாம் நம்பர் காட்டு வளைவில், பொன்னுத்தாயிக்கு அடுத்த பேர் வந்ததும் பனிக்குள்ளிருந்து, "வந்துட்டேங்க!" லாரி நிற்பதற்குள் அண்ணன் குதித்துவிட்டார். அக்கா தொப்பலாக நனைந்து, பல் கிட்டிப்போய், வரிசையில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குல்லாவைக் கழற்றி அவர் தலையில் போட்டு, அணைத்துப் பிடித்துத் தூக்கிவந்தார் அண்ணன். லாரியில் ஏறியதும் அக்கா என்னிடம் கேட்டார்: "பொன்னுத்தாயி இன்னிக்கு வரலயா? அவ பேருக்குப் பதிலே காணோமே."

அடுத்த பஸ்

ஆள் கிடைத்துவிட்டார், கலாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் ஜாடை காட்டினேன். அண்ணன் லாரியில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். மறுநாள் அவள் வந்து இறங்கினாள். பெரிய சண்டை நடக்கும், குறுக்கே விழலாம் என்று நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வீட்டுக்குள் இரண்டு பைகள் கட்டிவைத்திருந்தன. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று அண்ணனுடையது. காலையிலேயே எஸ்டேட் துரையைப் பார்த்து, வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கலா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க நினைத்த மனுஷர் ஆயிற்றே என்று எனக்குத் தாங்கவில்லை. உங்க மெஷின் என்னாகும் அண்ணே என்று கேட்டேன். "மெஷினுக்கு வேற ஆளு கிடைப்பான் தங்கச்சி. நேத்து லாரியில நிக்கிறப்பதான் தெரிஞ்சுது, எனக்கு வேற ஆளு கிடையாது."

கிள்ளான் வெயிலில்

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன்தான் எடுத்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கிள்ளான் உச்சி வெயிலில், மின்விசிறி சுற்றுகிற ஹாலில், தலையில் குரங்குக் குல்லா. காதோரமாக வேர்வை ஓடுகிறது. "என்னாண்ணே இது கோலம்?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, வந்த புதிதில் குல்லா இல்லாமல் இருந்தபோது, யாரோ ஆம்பிளை வீட்டுக்குள் இருக்கிறான் என்று அக்கா ரூம் கதவைச் சாத்திக்கொண்டதைச் சொன்னார். குளிக்கிற நேரம், தூங்குகிற நேரம் தவிரக் கழற்றுவதில்லையாம். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவிடம் போனைக் கொடுத்தார். என்னை உற்றுப் பார்த்தார், தெரியவில்லை. "யாருங்க?" என்றார் மரியாதையாக. வேறு ஒன்றும் தோன்றாமல், "அக்கா, மாத்திரை போட்டுட்டீங்களா?" என்றேன். "ஏன்டி விமலா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாரே பார்க்கலாம்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அக்கா போனை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். திரும்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைப் போன் பக்கத்தில் கொண்டுவந்து ரகசியமாகச் சொன்னார்: "எங்க வீட்டு ஆளப் பாத்தியா? இந்த வேக்காட்டுல குல்லாவ மாட்டிக்கிட்டுத் திரியறாரு. அவருக்கு மறதி வந்துடுச்சு போலடி. பாவம், அவருகிட்ட சொல்லிடாத."

கடை நிறையச் சாமான் வைத்துக்கொண்டு, இதில் எதுவுமே அந்தப் பழைய குல்லா அளவுக்கு உழைக்கவில்லை என்று ஒரு போன் கடைக்காரியே எழுதிக்கொடுத்தால் வியாபாரம் உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்.